நாள்பட்ட நிராகரிப்பை ஆராய எந்த விலங்கு?

கேள்வி இதுதான்: "முதுநிலைப் படிப்பு முடித்து, உறுப்பு மாற்று நோயெதிர்ப்பியலில் ஆய்வுக்குச் சேரப் போகிறேன். மாற்றப்பட்ட உறுப்பு பல ஆண்டுகள் கழித்து மெதுவாகக் கெட்டுப்போவதை, அதாவது நாள்பட்ட நிராகரிப்பை, விலங்குகளில் எப்படி ஆராய்கிறார்கள்? சுண்டெலியா, எலியா, பன்றியா, குரங்கா? எது மனிதருக்கு மிக நெருக்கம்?"

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மனிதரில் நடப்பதை முழுதாகக் காட்டும் விலங்கு மாதிரி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பவை ஒவ்வொன்றும் அந்த நோயின் ஒரு துண்டைக் காட்டுகின்றன. அதனால் "எந்த விலங்கு" என்பதற்கு முன்னால், "எந்தத் துண்டு" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தக்குழாய் அடைபடுவதா, எதிர்பொருள் செய்யும் சேதமா, சிறுநீரகத்தில் வடு விழுவதா, நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் மூடிக்கொள்வதா? இதைத் தீர்மானித்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். (மௌஸ் என்பதைச் சுண்டெலி என்றும், ரேட் என்பதை எலி என்றும் கடைசிவரை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. இந்தத் துறையில் அந்த வேறுபாடு முக்கியம்.)

முதலில் மனிதரில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1980களில் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகு, முதல் சில மாதங்களில் வரும் தீவிர நிராகரிப்பு பெருமளவு கட்டுக்குள் வந்தது. ஆனால் ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று உறுப்புகள் கைவிட்டுப் போவது நிற்கவில்லை. மாற்று இதயத்தில் கரோனரி தமனிகளின் உட்சுவர் தடித்துக்கொண்டே வரும். சாதாரண மாரடைப்பு நோயில் கொழுப்புப் படிவு பெரும்பாலும் குழாயின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். இங்கே குழாயின் முழு நீளத்துக்கும், சுற்றிலும் ஒரே சீராகத் தடிக்கும். அடைப்பு ஓரிடத்தில் இல்லாததால் ஸ்டென்ட் வைத்துத் தீர்க்க முடிவதில்லை. அப்புறம், மாற்றும்போது இதயத்தின் நரம்புகள் வெட்டப்படுகின்றன. அதனால் பலருக்கு நெஞ்சுவலியே வராது. முதல் அறிகுறியே இதயச் செயலிழப்பாக இருக்கலாம். சிறுநீரகம் மாற்றியவர்களின் ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மெல்ல ஏறும், சிறுநீரில் புரதம் போகும், பயாப்ஸியில் வடுவும் சுருங்கிய நுண்குழல்களும் தெரியும். நுரையீரலில் சிறு காற்றுக்குழாய்கள் தழும்பால் அடைபடும். கல்லீரலில் பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக மறையும், ஆனால் மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் இது குறைவு.

இதை விலங்கில் உண்டாக்குவதில் உள்ள சிக்கல் வேகம்தான். ஒரு வகைச் சுண்டெலியின் இதயத்தை முற்றிலும் வேறு வகைச் சுண்டெலிக்கு வைத்தால், மருந்து தராவிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் அது நின்றுவிடும். அது தீவிர நிராகரிப்பு. ரத்தக்குழாய் தடிக்கவெல்லாம் அங்கே நேரமில்லை. அதே வகைச் சுண்டெலிக்கே வைத்தால் ஒன்றும் ஆகாது, இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். அடுப்பை அணைக்கவும் கூடாது, பொங்கவும் விடக் கூடாது, சிம்மில் வைக்க வேண்டும். இந்தத் துறையில் மாதிரி உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் செய்தது இந்த ஒன்றைத்தான். கொடையாளிக்கும் பெறுபவருக்கும் உள்ள மரபணு வேறுபாட்டைக் குறைத்தார்கள், அல்லது கொஞ்ச நாள் மருந்து கொடுத்து எதிர்ப்பை மந்தமாக்கினார்கள்.

சிறுநீரகத்துக்கு இன்றும் பேசப்படும் பழைய மாதிரி, ஃபிஷர் 344 எலியின் சிறுநீரகத்தை லூயிஸ் எலிக்கு வைப்பது. 1969இலேயே இது விவரிக்கப்பட்டுவிட்டது. இந்த இரு வகை எலிகளும் மரபணுவில் நெருங்கிய சொந்தம் மாதிரி. அதனால் முதலில் வரும் நிராகரிப்பு மிதமாக வந்து அடங்கிவிடும். பல ஆய்வகங்களில் முதல் பத்து நாள் மட்டும் குறைந்த அளவு சைக்ளோஸ்போரின் கொடுத்து அதையும் தாண்ட வைப்பார்கள். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். மாதங்கள் போகப்போகச் சிறுநீரில் புரதம் ஏறும். ஆறு மாதம் ஆகும்போது வடிமுடிச்சுகள் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்க் கொத்துகள்) இறுகி, தமனிகள் தடித்து, மனித பயாப்ஸியை நினைவூட்டும் படம் கிடைக்கும்.

இந்த மாதிரியில் ஒரு பெரிய குழப்பமும் ஒளிந்திருந்தது. எலியின் சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றை வைத்தால், அந்த ஒற்றைச் சிறுநீரகம் இரண்டின் வேலையைச் செய்கிறது. அப்படியானால் வடு விழுவது நிராகரிப்பாலா, வேலைச்சுமையாலா? 1994இல் பாஸ்டனில் டில்னி, பிரென்னர் குழுவினர் இதே எலிகளில் சிறுநீரகத் திசுவின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். கூடுதலாகச் சிறுநீரகம் இருந்த எலிகளில் மாற்று உறுப்பின் சேதம் வெகுவாகக் குறைந்தது. அதே கொடையாளி வகை, அதே பெறுபவர் வகை, சுமை மட்டும்தான் வேறு. "நாள்பட்ட நிராகரிப்பு" என்று நாம் ஒரே பெயரில் அழைத்ததற்குள் எதிர்ப்பு சாராத காரணங்களும் கலந்திருந்தன என்று அதில் தெரிந்தது. மனித பயாப்ஸிகளை வகைப்படுத்தும் பான்ஃப் குழுவும் 2005 கூட்டத்தில், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டிருந்த 'நாள்பட்ட மாற்றுச் சிறுநீரக நோய்' என்ற பழைய சொல்லைக் கைவிட்டு, காரணத்தைச் சொல்லும்படி கேட்டது. எலிக்கூண்டில் எழுந்த கேள்வியும் மருத்துவமனையில் எழுந்த கேள்வியும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, சுண்டெலி இதயத்துக்கு வருவோம். நீங்கள் பெரும்பாலும் செய்யப்போவது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1973இல் கோரி, வின், ரஸல் மூவரும் விவரித்த முறை இது. சுண்டெலியின் சொந்த இதயத்தை யாரும் தொடுவதில்லை. கொடையாளி இதயத்தை வயிற்றுக்குள் வைக்கிறோம். அதன் பெருந்தமனியை வயிற்றுப் பெருந்தமனியோடும், நுரையீரல் தமனியைக் கீழ்ப் பெருஞ்சிரையோடும் நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறோம். தையல் நூல் 10-0 நைலான், தலைமுடியைவிட மெல்லியது, மூச்சு பட்டாலே நகரும். கற்றுக்கொண்ட காலத்தில் அறுவை நாட்களில் காலையில் நான் காபி குடிக்க மாட்டேன், விரல் நுனியில் அந்த நடுக்கம் தெரியும் என்பதால். கிளிப்பை எடுத்ததும் வெளிறிக் கிடந்த இதயம் சில நொடிகளில் சிவக்கும், முதலில் ஒழுங்கின்றி நடுங்கும், அப்புறம் தாளம் பிடிக்கும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணத்தில் கை அப்படியே நின்றுவிடும்.

அந்த இதயம் துடிக்கிறதே தவிர, வேலை செய்வதில்லை. ரத்தம் பெருந்தமனி வழியே பின்னோக்கி வந்து கரோனரி தமனிகளில் நுழைந்து, இதயத் தசையை நனைத்து, வலது பக்கம் வழியாக வெளியேறிவிடும். இடது கீழறை ஏறத்தாழ காலிதான். எனவே ரத்த அழுத்தம், உழைப்பு, பம்பு செய்யும் திறன் பற்றிய கேள்விகளை இதில் கேட்கக் கூடாது. ரத்தக்குழாய் பற்றிய கேள்விகளைத் தாராளமாகக் கேட்கலாம்.

அந்தக் கேள்விகளுக்கு எனக்குப் பிடித்த இணை, பிஎம்12 என்ற வகைச் சுண்டெலியின் இதயத்தைச் சி57பிளாக்6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலிக்கு வைப்பது. பிஎம்12 என்பது சி57பிளாக்6இலிருந்தே வந்த ஒரு பிறழ்வு. எம்ஹெச்சி என்பவை, தன் செல் எது, அந்நியச் செல் எது என்று உடல் பிரித்தறிய உதவும் அடையாளப் புரதங்கள். அவற்றில் இரண்டாம் வகை மூலக்கூறு ஒன்றில் வெறும் மூன்று அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த மூன்றுக்காகவே டி செல்கள் (அந்நியத்தை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளணுக்கள்) விழித்துக்கொள்கின்றன, ஆனால் பாய்ந்து அடித்துவிடுவதில்லை. மருந்தே இல்லாமல் இதயம் எட்டு வாரத்துக்கு மேலும் துடிக்கும். தினமும் வயிற்றில் ஒரு விரலை வைத்துத் துடிப்பைப் பார்த்து, பூஜ்யத்திலிருந்து நான்குவரை மதிப்பெண் போட்டுக் குறித்து வைப்போம். பல நாள் நல்ல மதிப்பெண்தான் வரும். அதே இதயத்தை எட்டாம் வாரம் எடுத்து, வெட்டி, தமனிச் சுவரின் மீள்நாரைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தால் கதை வேறு. தமனியின் மீள்நார் வளையம் கறுப்புக் கோடாக, இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு உள்ளே புதிதாக வளர்ந்த திசு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக நிறைந்திருக்கும். ரத்தம் போக நடுவில் ஒரு கீற்று மட்டும் மிச்சம். வெளியே துடிப்பு நன்றாக இருக்க, உள்ளே குழாய் மூடிக்கொண்டு வருகிறது. வலியில்லாமல் இதயத்தை இழக்கும் நோயாளிக்கு நடப்பதும் இதுவே. அதனால்தான் விரல் சொல்வதை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்கிறேன்.

உங்கள் ஆர்வம் எதிர்பொருள் பக்கம் என்றால் வேறு பாதை. 1994இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரஸல், கால்வின் குழுவினர், டி செல்லும் எதிர்பொருளை உண்டாக்கும் பி செல்லும் இல்லாத சுண்டெலிகளுக்கு இதயம் வைத்து, கொடையாளிக்கு எதிரான சீரத்தை வெளியிலிருந்து திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். கரோனரி தமனிகள் தடித்தன. டி செல் உதவியே இல்லாமல் எதிர்பொருளால் இந்தச் சேதத்தைத் தொடங்கிவைக்க முடியும் என்பது அதில் வெளிப்பட்டது. அதில் இயற்கைக் கொல்லி செல்களின் பங்கு பின்னாளில் தெரியவந்தது. அதே நகரத்தில் சைனோமோல்கஸ் குரங்குகளுக்குச் சிறுநீரகம் மாற்றி, பயாப்ஸியும் ரத்தமும் தொடர்ந்து எடுத்துப் பார்த்தபோது, 2008இல் நான்கு படிகள் கொண்ட ஒரு வரிசை கிடைத்தது. முதலில் ரத்தத்தில் எதிர்பொருள், பிறகு நுண் ரத்தக்குழாய்களில் எதிர்பொருள் தாக்கியதன் தடமான சி4டி என்ற அடையாளம், பிறகு வடிமுடிச்சுகளின் சுவர் தடித்தல், கடைசியில்தான் கிரியேட்டினின் ஏற்றம். ஆக, கிரியேட்டினின் ஏறும்போது மூன்று படிகள் கடந்துவிட்டன. மாற்று உறுப்போடு வாழும் ஒருவருக்கு 'ரிப்போர்ட் நார்மல்' என்று வரும்போதும் எதிர்பொருள் பரிசோதனை எதற்கு என்று கேட்டால், நான் இந்தக் குரங்குகளைத்தான் சொல்வேன்.

இன்னொன்றையும் விட மனமில்லை. 2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் டெல்லிடிஸ், போபர் முதலியோர், எதிர்ப்புச் சக்தியே இல்லாத சுண்டெலிகளுக்குள் மனித, பன்றித் தமனித் துண்டுகளை வைத்து இன்டர்ஃபெரான் காமாவை மட்டும் கொடுத்தார்கள். தாக்க வெள்ளணுக்கள் இல்லாமலேயே தமனியின் உட்சுவர் தடித்தது. வெள்ளணு சுரக்கும் ஒரு புரதத்துக்கே இவ்வளவு வலு.

நுரையீரலில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. 1993இல் ஹெர்ட்ஸ் குழு அறிமுகப்படுத்திய முறையில் சுண்டெலியின் மூச்சுக்குழல் துண்டைப் பெறுபவரின் உடலில் வேறோர் இடத்தில் பொதிந்து வைப்பார்கள். சில வாரங்களில் அது தழும்பால் அடைபடும். எளிது, செலவு குறைவு. ஆனால் அது பெரிய குழல், நோய் வருவதோ சிறு குழல்களில். அதற்கு நேரடி ரத்த ஓட்டமும் இல்லை, அதன் வழியே காற்றும் போவதில்லை. 2007இல் செயின்ட் லூயிஸில் சுண்டெலிக்கு முழு நுரையீரலையே உரிய இடத்தில் மாற்றும் முறை வந்தது. கற்றுக்கொள்ளக் கடினம் என்றாலும், இன்று நுரையீரலைத் தேர்ந்தெடுப்பவருக்கு அதைத்தான் சொல்வேன். கல்லீரலுக்கு நல்ல மாதிரி அரிது. சுண்டெலிகளிலும் பல எலி இணைகளிலும் மாற்றுக் கல்லீரல் மருந்தே இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது.

பன்றிக்கு வருகிறேன். உறுப்பு மாற்று ஆய்வாளர் டேவிட் சாக்ஸ் பல ஆண்டுகள் செலவிட்டு, எம்ஹெச்சி வகை தெரிந்த குட்டை இனப் பன்றிக் கூட்டங்களை வளர்த்தெடுத்தார். அவற்றில் கண்ட ஒரு விஷயம் எனக்கு இன்றும் வியப்பு. முதல் வகை எம்ஹெச்சி மட்டும் பொருந்தாத சிறுநீரகத்தை வைத்து 12 நாள் மட்டும் சைக்ளோஸ்போரின் கொடுத்தால், பன்றி அதை ஆயுள் முழுக்க ஏற்றுக்கொள்ளும். அதே பொருத்தம், அதே 12 நாள், ஆனால் சிறுநீரகத்துக்குப் பதில் இதயம் என்றால் நிராகரிக்கும், கரோனரிகள் தடிக்கும். இரண்டையும் ஒரே கொடையாளியிடமிருந்து சேர்த்து வைத்தால்? 1998இல் மேட்சனும் யமாடாவும் அதைச் செய்தார்கள். சிறுநீரகம் இதயத்தையும் காப்பாற்றியது, கரோனரிகள் சுத்தமாக இருந்தன. டி செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பியைப் பெறுபவரிடமிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மனிதரிலும் இதயமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றப்பட்டவர்களுக்கு இதய நிராகரிப்பு குறைவாக இருப்பது பதிவாகியிருக்கிறது. எல்லா உறுப்புகளும் ஒன்றுபோல் நிராகரிக்கப்படுவதில்லை என்பதைப் பன்றி இவ்வளவு தெளிவாகக் காட்டியது. பன்றிக்கு வேறு சில வசதிகளும் உண்டு. அதன் ரத்தக்குழாய் உட்தோல் மனிதரைப் போல இயல்பாகவே இரண்டாம் வகை எம்ஹெச்சியைக் காட்டுகிறது, சுண்டெலியில் அப்படி இல்லை. கரோனரிக்குள் அல்ட்ராசவுண்ட் கம்பியை விட்டு, நோயாளியிடம் அளப்பதுபோலவே அளக்கலாம்.

எலியில் கண்டது மனிதரிடம் பலித்த கதைகளும் உண்டு. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த ராபமைசின், மாற்றிய எலி இதயங்களில் ரத்தக்குழாய் தடிப்பைக் குறைக்கிறது என்று 1990களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் மோரிஸ் குழு காட்டியது. அதே குடும்பத்து எவரோலிமஸ், இதயம் மாற்றப்பட்டவர்களில் கரோனரித் தடிப்பைக் குறைக்கிறது என்று 2003இல் மனித ஆய்வு உறுதிசெய்தது.

சறுக்கியதும் உண்டு. டி செல்களின் மேலிருக்கும் சிடி154 என்ற மூலக்கூறைத் தடுக்கும் எதிர்பொருள் சுண்டெலிகளில் அற்புதமாக வேலை செய்தது. 1999இல் ரீசஸ் குரங்குகளிலும் மாற்றுச் சிறுநீரகங்கள் நெடுநாள் நிலைத்தன. மனிதரிடம் கொடுத்தபோது ரத்தக்கட்டுகள் வந்து ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. சிடி154 ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. எதிர்பொருளின் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஓர் ஏற்பி மனிதத் தட்டணுவில் உண்டு, சுண்டெலித் தட்டணுவில் கிடையாது. சுண்டெலியை எவ்வளவு நாள் பார்த்திருந்தாலும் இந்த ஆபத்து தெரிந்திருக்காது. வால்பகுதியைத் திருத்திய புதிய வடிவங்கள் இப்போது மறுபடியும் மனித ஆய்வில் இருக்கின்றன என்பது ஆறுதல்.

இன்னும் ஒரு பெரிய இடைவெளி, ஆய்வகச் சுண்டெலியின் சுத்தம். கிருமியில்லாத கூண்டில் வளர்ந்த சுண்டெலிக்கு, பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் நினைவு டி செல்கள் மிகக் குறைவு. சளி, அம்மை, வயிற்றுப்போக்கு என்று எல்லாம் பார்த்து வளர்ந்த மனித உடலில் அவை நிறைய, அவற்றில் சில மாற்று உறுப்பையும் எதிரியாக எடுத்துக்கொள்ளும். எமரி பல்கலைக்கழகக் குழு 2003இல், பல வைரஸ் தொற்றுகளைக் கடந்த சுண்டெலிகளில், சுத்தமான சுண்டெலியில் எளிதாக வந்த, மாற்று உறுப்பை எதிர்க்காத ஏற்புத்தன்மை வராமல் போனதைக் காட்டியது. அப்புறம் மருந்து. நோயாளி நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸை ஆயுள் முழுக்க விழுங்குகிறார், சில நாள் மறக்கிறார், சிலர் செலவு தாங்காமல் நிறுத்துகிறார்கள். அங்கேதான் புதிய எதிர்பொருள்கள் தலைதூக்குகின்றன. நம் சுண்டெலி மருந்தே பார்ப்பதில்லை, எலி பத்து நாள் பார்க்கிறது. விட்டுவிட்டு மருந்து எடுக்கும் நிலையை விலங்கில் கொண்டுவர இன்னும் நிறைய உழைப்பு தேவை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்களைப் போல் புதிதாக வருபவர்கள் அதைக் கையில் எடுத்தால் மனநிறைவாக இருக்கும்.

நடைமுறைக்கு வருவோம். இந்தியாவில் செய்வதானால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு சுண்டெலியைக்கூடத் தொட முடியாது, பெரிய விலங்குகளுக்கு மத்தியக் குழு வரை போக வேண்டும். விண்ணப்பத்தில் 'எத்தனை விலங்குகள், ஏன்' என்ற பத்தியைச் சடங்காக நினைக்காதீர்கள். எட்டு வாரம் வலியோடு வாழக்கூடிய ஓர் உயிர் அங்கே இருக்கிறது. வலிநிவாரணி அட்டவணையையும், எந்த நிலையில் ஆய்வை முடித்துக்கொள்வீர்கள் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை, குழாய் பற்றிய கேள்வி என்றால் பிஎம்12 இதயத்தில் தொடங்குங்கள். ஆனால் முதல் பிஎம்12ஐத் தொடுவதற்கு முன், ஒரே வகைச் சுண்டெலிகளுக்குள் இதயம் மாற்றிப் பழகுங்கள். தொடர்ந்து பத்து இதயங்கள் நிற்காமல் துடிக்கும் வரை பழகுங்கள். அவற்றை எட்டு வாரம் வைத்திருந்து, அதே சாயம் போட்டு, எந்தக் கண்ணாடித் தகடு எந்த விலங்கினுடையது என்று தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பொருத்துமுன் இதயத்தைக் குளிரில் வைத்த நேரம் கூடினாலோ தையலில் ரத்தக்கட்டு வந்தாலோ எதிர்ப்பே இல்லாத இதயத்திலும் திசு சேதப்படும். உங்கள் பத்து இதயங்களில் தமனிகள் சுத்தமாக இருந்தால்தான், பதினோராவதில் நீங்கள் காணும் அந்தக் கீற்றை நிராகரிப்பு என்று எழுத முடியும்.